இருபத்தேழுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவே

குன்றாண்டார்கோவிலுக்கு மேற்கே இரண்டு கல் தொலைவில் நெடுங்கல்விடுதி என்றோர் ஊர். அவ்வூர்த் தொடக்கப் பள்ளியில் முப்பத்தோராண்டு வேலை பார்த்தவர் குழந்தைசாமி வாத்தியார். அவர் வாழ்நாளில் செய்த காரியங்களை எண்ணினால் ஒரு கையின் விரல்கள்கூட முழுதாக மடங்கா. ஊரில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார். வித்துவான் தேர்வின் முதற்பகுதியில் தேறினார். இரண்டாம் பகுதிக்குப் போகவேண்டிய ஆண்டில் அம்மை கண்டு படுத்துவிட்டார். ஊர்ச் சிவன் கோயிலின் தலபுராண ஏட்டைப் படியெடுத்தார். இம்மூன்றில் கடைசியே அவருடைய உயிர்.

அந்த ஏடு செல்லரித்துக் கிடந்தது. கோவையிலைச் சாற்றில் கரியைக் குழைத்துத் தடவி, எழுத்தைத் துலக்கி, ஒரு நாளைக்கு ஒரு பாட்டு என்று இரண்டு நோட்டுப் புத்தகங்களில் நானூற்றுப் பன்னிரண்டு பாட்டையும் எழுதி முடித்தார். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, பள்ளிக்கூடப் பலகையைப் புதிதாக எழுதிய 1948ஆம் ஆண்டு மாசியில் நோட்டைக் கொண்டுபோய்ச் சுவாமி காலடியில் வைத்தார். அன்று அவர் மனத்தில் ஓர் எண்ணம் வேர்விட்டது. இந்த ஊரில் ஞானம் என்று ஒன்று இருக்குமானால், அது இனித் தம் கையெழுத்தில்தான் இருக்கிறது.

ஆடி மாதத்தில் பன்னிரண்டு நாள் அக்கோயிலில் புராணம் படிப்பது வழக்கம். மாலைப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் இருவர் அமர்வார்கள். ஒருவர் பாட்டைப் படிப்பார். மற்றவர் அதன் பொருளைச் சனங்களுக்கு விளங்கச் சொல்வார். பின்னதற்குப் 'பயன் சொல்லுதல்' என்று பெயர். நிறைவு நாளில் படித்தவருக்கு முதல் விபூதி. பயன் சொன்னவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டி, மேளத்தோடு வீடுவரை கொண்டுபோய் விடுவார்கள். படிப்பவர் கையில்தான் புத்தகமே இருக்கிறதே, அதற்குமேல் என்ன மரியாதை என்பது முன்னோர் நினைப்பு. நோட்டு முடிந்த ஆண்டு முதல் படித்துவந்த வாத்தியாருக்கு அந்த நினைப்பில் உடன்பாடில்லை.

நெடுங்காலம் பயன் சொல்லிவந்த முதியவர் 1949இல் இறந்துபோனார். மறு ஆடியில் இரு வேலையையும் தாமே பார்ப்பதாக வாத்தியார் முன்வந்தார். பாட்டைப் படித்தார், சொற்களைக் கொண்டுகூட்டினார், பதவுரை சொன்னார், பொழிப்புரை சொன்னார், இலக்கணக் குறிப்பையும் விடவில்லை. நான்காம் நாள் மண்டபத்தில் குருக்களும், கோயில் காரியம் பார்த்த ஆண்டிச்சாமி அம்பலமும், காது கேளாத ஒரு கிழவரும் இருந்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் அம்பலம் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியார், ஒங்க படிப்ப ஊரே கும்புடும். பயன மட்டும் வேற ஆளு சொல்லட்டும். சனம் வர மாட்டேங்குது."

"யாரு சொல்றது?"

"ஒங்க மாப்ளதான். சேவுகன்."

"அவருக்குத் தன் பேர எழுதத் தெரியாது, அம்பலம்."

"பேரயா எழுதச் சொல்றோம்? பயனத்தான சொல்லச் சொல்றோம்."

சேவுகன், வாத்தியாருடைய தங்கை அமராவதியின் கணவர், மாட்டுத் தரகர். மணப்பாறைச் சந்தையில் துண்டுக்கடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தே பேரம் முடிப்பவர். கிழட்டு மாட்டையும் கன்றுபோல் நடக்கவைத்துக் காட்டுவார் என்று ஊரில் கேலி உண்டு. ஆனால் சிறுவயது முதல் ஆடி மாதத்துப் பன்னிரண்டு நாளும் மண்டபத்தில் முதல் வரிசையை விட்டு அவர் நகர்ந்ததில்லை. எத்தனை பெரிய சந்தையானாலும் அந்த நாட்களில் போகமாட்டார்.

அன்று மாலை வாத்தியார் பாட்டைப் படித்து நிறுத்தினார். சேவுகன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சிறிது நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு வாயைத் திறந்தார். சந்தையும் வந்தது, சுவாமியும் வந்தார், மாமியார் மருமகள் சண்டையும் வந்தது. சனம் சிரித்தது, சிரித்த வாய் மூடுவதற்குள் கண்ணைத் துடைத்தது. வாத்தியாரோ அந்த ஒரு பாட்டுக்குள் மூன்று சொல்லுக்குப் பொருள் தவறாகச் சொல்லப்பட்டதைக் கண்டார். வீட்டுக்கு வந்ததும் ஒரு புதிய நோட்டை எடுத்து, 'பிழைக் குறிப்பு' என்று தலைப்பிட்டு, நாள், பாட்டெண், பிழை என்று கோடு கிழித்தார். பன்னிரண்டாம் நாள் முடிவில் அறுபத்தொரு பிழைகள் சேர்ந்திருந்தன.

நிறைவு நாளில் பரிவட்டத்தோடு சேவுகன் தெருவில் வந்தார். வாத்தியார் வீட்டு வாசலில் அவர் மனைவி சின்னப்பிள்ளை ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

"வாங்கண்ணே. தலப்பா கனக்குதா?"

"கனக்கத்தான் செய்யுது தங்கச்சி. மச்சான் தலைக்கு இருக்கவேண்டியது. எனக்குத் தல பெருசு, கட்டிப்புட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே நாற்காலியில் இருந்த வாத்தியாருக்கு அந்தச் சிரிப்பு நெருஞ்சி முள்ளாய்த் தைத்தது. பணிவாகப் பேசுகிறவன் மேல் கோபப்படவும் வழியில்லை. அதுதான் பெரிய துன்பம்.

அடுத்த ஆண்டு பிழைகள் நாற்பதாயின. அதற்கடுத்த ஆண்டு பத்தொன்பது. குறையக் குறைய வாத்தியாருக்கு வயிறு எரிந்தது. தாம் சொல் பிரித்துப் படிப்பதைக் கேட்டே, தம் எதிரிலேயே அவன் பிழையைத் திருத்திக்கொள்கிறான் என்பது அவருக்குப் புரிந்தது. நோட்டில் எழுதுவதற்கு ஒன்றும் கிடைக்காத நாளில் அவர் சாப்பிடாமல் படுத்தார்.

"அண்ணன் சரியாச் சொன்னா ஒங்களுக்குப் பசி எடுக்கலையாக்கும்" என்றாள் சின்னப்பிள்ளை. "தப்பாச் சொன்ன அன்னைக்கு ரெண்டு தரம் சோறு வாங்கித் தின்னீக."

ஒன்பதாம் நாள் படிக்கப்படுவது ஞான உபதேசப் படலம். நான்கு முனிவர்கள் கல்லால மரத்தின் கீழ் இறைவனை வணங்கி ஞானம் கேட்கிறார்கள். அப்படலத்தின் இருபத்தேழாம் பாட்டில் இறைவன் பேசத் தொடங்குகிறார். ஞானம் ஒரு நாளில் பிறந்ததன்று. பிறவாத அதற்கு இறப்பும் இல்லை. செம்போடு களிம்பு இருப்பதுபோல உயிரோடு ஆணவமாகிய மலம் இருக்கிறது. களிம்பு நீங்கினால் தெரிவது முன்பே இருந்த செம்புதான். புதிதாக ஒன்று வந்து சேர்வதில்லை. கல்வியால் அதைப் படைக்க இயலாது. அன்பினால் கரைந்தவனுக்கு மறைப்பு விலகும். இதுவே படலத்தின் சாரம்.

படியெடுத்த காலத்தில் இந்தப் பாட்டுகளை வாத்தியார் அணி நயத்துக்காக மெச்சியிருந்தார். இப்போது அவற்றைப் படிக்கும்போதெல்லாம் தமக்கெதிராகத் தாமே சாட்சி சொல்வதுபோல் இருந்தது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் சேவுகனிடம் கேட்டார்.

"ஏன் மாப்ள, ஞானம் முன்னயே உள்ளதுன்னா, ஏட்டோட நான் மல்லுக்கட்டுன ஒண்ணரை வருசம் என்னத்துக்கு?"

"எனக்கென்ன மச்சான் தெரியும்? நீங்க படிக்கிறது காதுல விழுந்தா ஏதோ வாயில வருது. நீங்க படிக்காட்டி நான் வெறும் மாட்டுத் தரகன்தான்."

சேவுகன் உள்ளதைச் சொன்னார். வாத்தியார் அதைச் சந்தைப் பேச்சென்று எடுத்துக்கொண்டார்.

1953ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், இனி இதற்கு ஒரு முடிவு கட்டுவதென்று அவர் தீர்மானித்தார். முறையாகவே செய்தார். புராணத்தின் யாப்பிலேயே புதிதாக ஒரு பாட்டு இயற்றுவது. ஒன்பதாம் நாள் இருபத்தேழாம் பாட்டுக்கும் இருபத்தெட்டாம் பாட்டுக்கும் நடுவே அதைப் படிப்பது. அங்கே பேசுபவர் இறைவன், ஆகவே அவ்விடத்தில் ஒரு கேள்வியை நுழைத்தால் பயன் சொல்பவன் தடுமாறுவான், அல்லது உளறுவான். மறுநாள் காலை ஏட்டை அம்பலத்தின் முன் அவிழ்த்துக் காட்டி, பொன்னுக்கும் பித்தளைக்கும் வேறுபாடு தெரியாதவனையா அந்த இடத்தில் அமர்த்தினீர்கள் என்று கேட்பது. இடம் அவனிடமிருந்து போகும், தமக்கு வரும்.

பாட்டு அமைய மூன்று வாரம் ஆயிற்று. எதுகை வாய்த்தபோது பொருள் நொண்டிற்று. பொருள் நிமிர்ந்தபோது மோனை விலகிற்று. கடைசியில் ஒரு விடியற்காலையில், நெஞ்சில் பல நாள் கிடந்த எரிச்சல் தானே வந்து சீர்களில் அமர்ந்துகொண்டது.

எழுத்தினை அறியார் நெஞ்சில் இறைவநின் ஞானம் நிற்கில்
பழுத்தநூல் பயின்றோர் பெற்ற பயனெது பகர்வாய் ஐயா
விழுத்துணை விளக்கை ஏந்தி விழித்தவன் இருளில் நிற்க
வழுத்திடும் குருடன் கண்ணில் வழங்கினை ஒளியை என்னே

அரைத்தாளில் அதை எழுதி, கீழே நாளும் இட்டு, கு. குழந்தைசாமி என்று கையெழுத்தும் போட்டார். நாளைக்குச் சான்று வேண்டுமல்லவா.

ஒன்பதாம் நாள் மண்டபம் நிறைந்திருந்தது. இருபத்தேழாம் பாட்டுக்குப் பயன் முடிந்தது. வாத்தியார் நோட்டுக்குள் இருந்த அரைத்தாளைப் பார்த்துத் தம் பாட்டைப் படித்தார்.

சேவுகன் கண்ணைத் திறக்கவில்லை. "மச்சான், இன்னொருக்கப் படிங்க" என்றார்.

வாத்தியார் படித்தார்.

"இன்னும் ஒரே ஒருக்க."

மூன்றாம் முறை படித்தபோது, வலையில் மீன் துள்ளுகிறதென்று வாத்தியாருக்கு உள்ளூரக் களிப்பாயிருந்தது. சேவுகன் கண்ணைத் திறந்து சனத்தைப் பார்த்தார்.

"இது சாமி சொல்ற பாட்டு இல்ல. சாமி பேசிக்கிட்டு இருக்கையில குறுக்க விழுந்து ஒருத்தரு கேக்குற பாட்டு. யாரு கேக்குறா? நாலு முனிவருல கடைசியா ஒக்காந்திருந்தாரே, அவரு. மத்த மூணு பேரும் ஞானம் கேட்டாங்க. இவரு நியாயம் கேக்குறாரு."

சனம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தது.

"நான் கண்ணு முழிச்சுப் படிச்சேன். வெளக்கப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எனக்கு இருட்டு, அந்தக் குருட்டுப் பயலுக்கு வெளிச்சமாங்கிறாரு. கேக்கலாமா? கேக்கலாம். வலிச்சவன்தான கேப்பான். சாமி கோவிச்சுக்கல. சிரிச்சுக்கிட்டுச் சொல்றாரு: ஏம்ப்பா, வெளக்கப் புடிக்கிறவன் மொகத்துலயா வெளிச்சம் விழும்? எதிர நிக்கிறவன் மொகத்துலதான விழும். நீ ஏந்துன வெளக்குலதான்டா அந்தக் குருடன் கண்ணே தொறந்துச்சு. வெளக்கு ஒன்னோடது. வெளிச்சம் மட்டும் ஒன்னோடதும் இல்ல, அவனோடதும் இல்ல. அது நீங்க ரெண்டு பேரும் பொறக்குறதுக்கு முன்னயே இருக்கு."

பிறகு தம் தொழிலுக்கு வந்தார். "சந்தையில மாட்டக் குடுத்தா எங்கையில மாடு இருக்காது. வாங்குனவனுக்குக் கூடும், எனக்குக் கொறையும். ஞானம் அப்படிப் பண்டம் இல்ல. குடுத்தாலும் கொறையாது. அதனாலதான் சாமிக்குக் கஞ்சத்தனம் இல்ல, நமக்குத்தான் இருக்கு."

அடுத்த பாட்டுக்குப் போகச் சனம் விடவில்லை. அந்தப் பாட்டையே இன்னொரு முறை படிக்கச் சொன்னது.

கூட்டம் கலைந்தபோது மூக்காயி என்ற நாற்று நடும் பெண் வாத்தியாரிடம் வந்தாள். அவ்வாண்டுதான் கணவனை இழந்தவள். நோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வாத்தியாரய்யா, அந்தக் கடைசி முனிவரு பாட்ட நாளைக்கும் படிங்க. எனக்கும் சாமிகிட்ட அப்படித்தான் கேக்கணும்போல இருந்துச்சு. கேக்கலாம்னு தெரியாம இருந்துட்டேன்."

பள்ளி விழாக்களுக்கென்று வாத்தியார் எத்தனையோ பாட்டு எழுதியிருக்கிறார். எதையும் எவரும் மறுமுறை கேட்டதில்லை. மறுநாள் காலையில் ஏட்டுக் கட்டு அவர் மேசைமேல் தயாராக இருந்தது. அம்பலம் தெருவில் போவதும் தெரிந்தது. சேவுகனை வீழ்த்த வேண்டுமானால் அந்தப் பாட்டைப் பொய்யென்று சொல்ல வேண்டும். சொன்ன கணமே பாட்டு செத்துவிடும். தகப்பனாக அவருக்குக் கை எழவில்லை. அம்பலம் போய்விட்டார்.

அதன்பின் பாட்டு தானாக நடக்கத் தொடங்கியது. ஆண்டுதோறும் ஒன்பதாம் நாள் அதற்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். அமராவதி பால் கறக்கும்போது அதை முணுமுணுத்தாள். துக்க வீட்டில் பெண்கள் அதைச் சொல்லி அழுதார்கள். கேட்டு முடித்தவர்கள் சேவுகனின் கையைப் பிடித்து, "என்னமாச் சொன்னீக" என்றார்கள். வாத்தியாரைப் பார்த்து, தொண்டைக்கு மிளகு போட்டுப் பால் குடிக்கச் சொன்னார்கள். வாத்தியாருக்கு இப்போது பொறாமை இரண்டாகக் கிளைத்தது. மாப்பிள்ளைமேல் பழையது, பாட்டின்மேல் புதியது. தாம் இத்தனை ஆண்டு பெயரோடு உழைத்துப் பெறாத இடத்தை, தம் வயிற்றில் பிறந்த நான்கு வரி பெயரில்லாமலே பெற்றுவிட்டதே என்று மனம் புழுங்கினார். அரைத்தாளைப் பெட்டியின் அடியில் வேட்டிகளுக்குக் கீழே வைத்திருந்தார். மாதம் ஒருமுறை எடுத்துக் கையெழுத்தைப் பார்த்துக்கொள்வார்.

1962இல் புராணத்தை அச்சிடுவதென்று அம்பலம் முடிவுசெய்தார். அச்சுக்கூடம் புதுக்கோட்டையில். ஏட்டோடு ஒப்பிட்டுப் படி தயாரிக்கும் பொறுப்பு வாத்தியாருடையது. ஞான உபதேசப் படலத்துக்கு வந்தபோது பேனா நின்றது. பாட்டைச் சேர்த்தால், ஏட்டில் இல்லாததை உள்ளதென்று அச்சில் சொன்ன பழி. அதை அவருடைய கல்வி ஒப்பவில்லை. அடிக்குறிப்பில் தம் பெயரைப் போட்டால் ஒன்பதாண்டு ஏமாற்று வெளிப்படும். ஆனால் பெயர் கிடைக்கும். இரண்டு நாள் தவித்துவிட்டு, மாலையில் சேவுகன் வீட்டுக்குப் போனார். சேவுகன் தொழுவத்தில் புதிதாக வந்த ஒரு காளையின் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான். இங்கிட்டு நில்லுங்க, அங்கிட்டு ஒதைக்கும்."

"மாப்ள, அந்த நாலாவது முனிவர் பாட்டு..."

"ஆமா, ஒங்க பாட்டு. அதுக்கென்ன?"

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். மாட்டு வாயத் தொறந்து பல்லப் பாத்து வயசு சொல்றவன் நான். முப்பது வருசமாக் கேட்ட பாட்டுல புதுசா ஒண்ணு வந்தாத் தெரியாதா? அது பால்பல்லு விழாத கன்னு மச்சான். மேல ஈரமே காயல."

"அப்ப ஏன் சும்மா இருந்தீங்க? சபையில சொல்லியிருந்தா என் மானம் போயிருக்கும்ல."

"என்னைய விழவைக்கத்தான் கொண்டாந்தீங்கன்னு தெரிஞ்சுச்சு. வருத்தமாத்தான் இருந்துச்சு. மூணு தரம் படிக்கச் சொன்னேன்ல, அதுக்குள்ள வருத்தம் எறங்கிருச்சு. கன்னு நல்ல கன்னு. நம்ம வீட்டுத் தொழுவத்துல பொறந்தது. வெரட்ட மனசு வரல."

நன்றி சொல்ல வந்த வாத்தியாரின் வாய், "அச்சுல என் பேரப் போட்டுக்கிறேன்" என்றது.

சேவுகன் காளையின் வாயை விட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். "போடுங்க. ஒங்களோடதுதான. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சந்தையில மாட்ட வித்தவன் கயித்த அவுத்துக் கையில வச்சுக்குவான். கயித்தோட விட்டா வீட்டு அதிர்ஷ்டமும் கூடவே போயிரும்பாங்க. கயித்த வச்சுக்கிட்டா மாடு நம்மளதா ஆயிருமா மச்சான்?"

"பரிவட்டம் கட்டுன தலையில இருந்து இந்தப் பேச்செல்லாம் சொகமாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு வாத்தியார் திரும்பி நடந்தார்.

அன்றே படியை முடித்தார். இருபத்தேழுக்கு அடுத்து இருபத்தெட்டை எழுதினார். பாட்டைச் சேர்க்கவில்லை, பெயரையும் சேர்க்கவில்லை. ஏட்டில் இல்லாததை அச்சில் ஏற்றக்கூடாது என்று தமக்குத் தாமே காரணம் சொல்லிக்கொண்டார். எனக்கு ஆகாத பாட்டு உனக்கும் ஆகவேண்டாம் என்ற இன்னொரு காரணம் அதன் அடியில் கிடந்தது. அதைப் புரட்டிப் பார்க்க அவர் விரும்பவில்லை.

அவ்வாண்டு ஆடியில் அச்சுப் புத்தகம் மண்டபத்துக்கு வந்தது. மஞ்சள் அட்டை, உள்ளே மை வாசனை. ஒன்பதாம் நாள் இருபத்தேழாம் பாட்டு முடிந்ததும் வாத்தியார் அடுத்ததை எடுத்தார். ஓரடி போவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து அமராவதியின் குரல் வந்தது.

"அண்ணே, ஒரு பாட்ட விட்டுட்டீங்க."

"புத்தகத்துல இல்லம்மா."

"புத்தகத்துல இல்லாட்டி என்ன? எங்களுக்குத் தெரியும்ல."

அவள் தொடங்கினாள். மூக்காயி சேர்ந்துகொண்டாள். இரண்டாம் அடிக்கு வருவதற்குள் பெண்கள் பக்கம் முழுவதும் பாடிற்று; மூன்றாம் அடியில் ஆண்களும் சேர்ந்தார்கள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாத்தியார் ஒருவர் மட்டும் வாயை மூடியிருந்தார். பாடி முடித்ததும் எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பியது, சேவுகனை நோக்கி. அந்தத் திரும்பலை அவரால் தாங்க முடியவில்லை.

"அது புராணமே இல்ல" என்றார். "அது நான் எழுதுனது."

யாரோ சிரித்தார்கள்.

"ஐயா, என்ன பேசுறீக" என்றாள் மூக்காயி. "எங்க ஆத்தா நாத்து நடுறப்பப் படிச்ச பாட்டுல்ல இது."

"ஒங்க ஆத்தா செத்து இருவது வருசம் ஆச்சு. பாட்டுக்கு வயசு ஒம்பது."

"அப்ப எங்க ஆத்தா என்ன, பொய்யாவா படிச்சா?"

வாத்தியார் சேவுகனைப் பார்த்தார். சேவுகன் எழுந்து நின்றார்.

"மச்சான் சொல்றது நெசம். அவரு எழுதுனதுதான். எனக்கு அன்னைக்கே தெரியும்."

அம்பலம் தலையை ஆட்டினார். "இதுதான்ப்பா பெரிய மனசு. மச்சான் சபையில வாய விட்டுட்டாருன்னு விட்டுக்குடுக்காமப் பேசுறாரு பாருங்க. சரி சரி, பயனச் சொல்லுங்க."

சனம் சேவுகனை முன்னைவிட அன்பாகப் பார்த்தது. சேவுகன் கையை விரித்துவிட்டு உட்கார்ந்தார். வேறு வழியின்றிப் பயன் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் வாத்தியார் நேராகப் பெட்டியைத் திறந்தார். சான்று கையில் இருக்கும்போது வாயால் வாதிட்டது தம் தவறு. நாளை இதை அம்பலத்தின் கையில் கொடுத்துவிடுவது. விளக்கைத் தூண்டி அரைத்தாளை விரித்தார். மை பழுப்பேறியிருந்தது, கையெழுத்தும் நாளும் தெளிவாக இருந்தன. எழுதிய அன்று இருந்த எரிச்சலோடு அதை ஒருமுறை படித்துப் பார்க்க நினைத்தார். முடியவில்லை. முதலடியில் மூக்காயியின் குரல் கேட்டது. மூன்றாமடியில், விளக்கேந்தி நிற்பவனுக்கு எதிரே ஒரு முகம் துலங்கியது. சேவுகன் சொன்ன பொருளைப் பாட்டிலிருந்து பிரித்தெடுக்க அவர் அறிந்த இலக்கணம் எதுவும் உதவவில்லை. தாம் வைக்காத பொருள் இதற்குள் எப்போது வந்தது? அல்லது சீர்களைத் தாம் அடுக்கிய அந்த விடியற்காலையிலேயே, தம் எரிச்சல் மறைத்துக்கொண்டு நிற்க, அது இங்கேதான் இருந்ததா? இருபத்தேழாம் பாட்டை அவர் பதினான்கு ஆண்டாகப் படித்துவருகிறார். அதற்கு இதுவரை பதவுரை மட்டுமே தெரிந்திருந்ததை அன்று உணர்ந்தார்.

அதற்காகப் பொறாமை போய்விடவில்லை. ஒரு தரகனுக்கு மூன்று முறை கேட்டதும் விளங்கியது, தமக்கு விளங்க ஒன்பது ஆண்டாயிற்றே என்று அதுவும் ஒரு பக்கம் குத்தியது.

பிழைக் குறிப்பு நோட்டை எடுத்தார். மூன்று ஆண்டாக அதில் ஒன்றும் ஏறவில்லை. நாள் என்ற இடத்தில் அன்றைய தேதியை எழுதினார். பாட்டெண் என்ற இடத்தில் 27க்கும் 28க்கும் நடுவே என்று எழுதினார். பிழை என்ற இடத்தில், 'படித்தவர் ஒரு பாட்டை விட்டுவிட்டார்' என்று எழுதி மூடினார்.

"சாப்புடுறீகளா, இல்ல இன்னைக்கும் அண்ணன் சரியாச் சொல்லிட்டாரா?" என்று அடுப்படியிலிருந்து சின்னப்பிள்ளை கேட்டாள்.

"சோத்தப் போடு" என்றார்.

மறு ஆடியில் ஒன்பதாம் நாள் வாத்தியார் அச்சுப் புத்தகத்தை விரித்தபோது, இருபத்தேழாம் பாட்டுக்கும் இருபத்தெட்டாம் பாட்டுக்கும் நடுவே பழுப்பேறிய அரைத்தாள் ஒன்று இருந்தது. எவர் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்திருக்கலாம். புத்தகம் அன்று முழுவதும் சுவாமி முன்தான் இருந்தது. பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. சேவுகன் மட்டும் கழுத்தை நீட்டினார்.

"அது என்ன மச்சான், தனித்தாளு?"

"பாட்டுத்தான் மாப்ள."

"பேரும் இருக்கா?"

"அடியில இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். படிங்க" என்று சொல்லிச் சேவுகன் கண்ணை மூடிக்கொண்டார்.

வாத்தியார் நான்கு அடியையும் படித்தார். பெயருக்கு மேலேயே நிறுத்திக்கொண்டு, தாளைக் கவிழ்த்துவிட்டு, மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்காக மற்றவர்களைப் போலவே காத்திருந்தார்.